நாலு சாக்கும் ஒரு சாக்குக் கத்தியும்

என்னோடு சேர்ந்து நரைத்துக்கொண்டிருக்கிற என் வயதுக்காரரே, முதலில் மூக்கைப் பொத்திக்கொள்ளுங்கள். இது ஒரு சாக்கின் கதை. வாசித்து முடித்த பிறகு உருளைக்கிழங்குக் கறி தொண்டைக்குள் இறங்காவிட்டால் என்னைத் திட்டாதீர்கள். எனக்கு அது இறங்காமல் போய் முப்பத்தைந்து வருடம் ஆகிறது.

எழுத்து வாசனை எனக்குக் குறைவு. வேறு வாசனைகள் அதிகம். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் கைகழுவிவிட்டோம். இப்போது சுவிஸில் துன் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில் வேலை செய்கிறேன். மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிற துணிகளைக் கையால் பிரித்து, இது கஞ்சி, இது மூத்திரம், இது இன்னொன்று என்று தரம் பிரித்து மெஷினுக்குள் போடுகிறவள் நான். ஆகவே நாற்றத்தைப் பற்றி எழுத எனக்குத் தகுதி உண்டு. வேறெதைப் பற்றியும் இல்லை.

அப்போது எனக்குப் பதினொரு வயது. நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து இரண்டு வருடம். அப்பா ஏரிக்கரையில் ஒரு ஹோட்டல் குசினியில் சட்டி கழுவினார். அம்மா பின்னேரங்களில் அலுவலகங்கள் கூட்டினார். நான் ஐந்தாம் வகுப்பில் கடைசி வாங்கில் இருந்து, விளங்காத ஜெர்மனுக்கெல்லாம் சிரித்துத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் எனக்குத் தெரிந்த ஒரே தொழில்நுட்பம் அதுதான்.

அந்த வருடம் ஆனி மாதம் எங்கள் வகுப்பு மலைக்குப் போய் நாலு இரவு கூடாரத்தில் தங்குவதென்று முடிவானது. ஒரு கூடாரத்துக்கு நாலு பேர். யார் யாரோடு என்று நீங்களே சேர்ந்துகொள்ளுங்கள் என்று ரீச்சர் சொல்லிவிட்டார். பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சுதந்திரம் கொடுப்பதாக நினைத்துச் செய்கிற அநியாயங்களில் இது முதலாவது. இரண்டு நிமிடத்தில் எல்லோரும் நாலு நாலாக ஒட்டிக்கொண்டார்கள். வகுப்பின் நடுவில் ஒரு மேசையும் நானும் மிஞ்சினோம்.

ஒரு கூடாரத்தில் மட்டும் மூன்று பெண்கள் இருந்தார்கள். அதன் தலைவி சிவப்புச் சடைக்காரி. குதிரைச் சவாரி பழகுகிறவள். அவள் என்னைச் சுற்றி ஒருமுறை நடந்தாள், சந்தையில் மாடு பார்ப்பது போல. பிறகு சுவிஸ் ஜெர்மனில் ஒன்று சொன்னாள். அதை எங்கள் பாஷையில் சொன்னால் இப்படித்தான் வரும்:

"நீ எங்களோட வரலாம். ஆனா உன்ர ஜாக்கெட் மணக்கிற மாதிரி கூடாரத்துக்க மணக்கக் கூடாது. மணந்தால் நீ வெளியிலதான் படுக்கோணும்."

நான் வழக்கம்போலச் சிரித்துத் தலையாட்டினேன். இந்த முறை விளங்கித்தான் ஆட்டினேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒரு வேலைதான். மணக்காமல் இருப்பது. ஜாக்கெட்டை ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டேன். அம்மா மிளகாய் வறுக்கத் தொடங்கினால் தலைமயிரைத் துவாயால் சுற்றிக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்தேன். "இதென்ன, பிள்ளைக்குப் பேய் பிடிச்சிட்டுதோ?" என்று அம்மா கேட்டார். பிடித்திருந்தால் நல்லது. பேய்க்கு வெங்காய மணம் இருக்காது.

இரண்டு வாரம் கழித்து, கொண்டுவர வேண்டிய சாமான்களின் பட்டியலை ரீச்சர் தந்துவிட்டார். ஜெர்மனில் வந்த எந்தக் கடிதமும் எங்கள் வீட்டில் நேராகத் திறக்கப்படாது. அதற்கென்று ஒரு மாமா இருந்தார். எங்களுக்குச் சொந்தமில்லை, எல்லோருக்கும் மாமா. ஊராருக்கெல்லாம் டொக்டரிடமும் விசா அலுவலகத்திலும் மொழிபெயர்க்கிறவர். சட்டைப் பையில் இரண்டு பேனை வைத்திருப்பார், ஒன்று எழுதும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வருவார், முதலில் சாப்பிடுவார், பிறகுதான் ஜெர்மன் வரும்.

அன்றும் ஆட்டிறைச்சியை முடித்து, விரலை ஒவ்வொன்றாகச் சூப்பி, அந்த விரலாலேயே பட்டியலைப் பிடித்தார். தாளில் எண்ணெய் ஊறி, அந்தப் பக்கத்து எழுத்து இந்தப் பக்கம் தெரிந்தது.

"றுக்சாக். முதுகில போடுற சாக்கு. விளங்குதோ? வெஷெசாக். ஊத்தை உடுப்புச் சாக்கு. அப்ஃபால்சாக், குப்பைச் சாக்கு. ஷ்லாஃப்சாக்..." எழுதாத பேனையால் மேசையில் தட்டினார். "ஷ்லாஃபன் எண்டால் நித்திரை. அப்ப இது நித்திரைச் சாக்கு."

அம்மா குசினி வாசலில் நின்றார். "நித்திரையைச் சாக்கில போடுறதோ அண்ணை?"

"நித்திரையை இல்லைத் தங்கச்சி, பிள்ளையை."

"ஐயோ!"

"பொறும், பொறும். அடுத்ததைக் கேளும். சாக்மெஸ்ஸர். சாக்குக் கத்தி. இப்ப விளங்குதோ? குளிர் இடமெல்லோ, பிள்ளையைச் சாக்குக்குள்ள விட்டு வாயைக் கட்டுவினம். ஏதும் அவசரமெண்டால் உள்ளுக்க இருந்து வெட்டிக்கொண்டு வெளிய வாறதுக்குத்தான் கத்தி. வெள்ளைக்காரன் எல்லாத்துக்கும் ஒரு வழி வைச்சிருப்பான்."

இந்த ஊர்ப் பேச்சில் சாக் என்றால் காற்சட்டைப் பை. சாக்மெஸ்ஸர் என்றால் பையில் வைக்கிற மடக்குக் கத்தி, அவ்வளவுதான். அது எனக்கும் அப்போது தெரியாது. ஆனால் ஷ்லாஃப்சாக் என்கிற படுக்கைப் பையை நான் ஒரு கடைக் கண்ணாடிக்குள் பார்த்திருந்தேன்.

"இல்லை மாமா, அது மெத்தை மாதிரி. பஞ்சு வைச்சு, சிப் பூட்டி..."

"பிள்ளை, நீ இஞ்ச வந்து ரெண்டு வருசம். நான் வந்து ஆறு வருசம். டொக்டரே என்னைக் கேட்டுத்தான் வருத்தம் என்னெண்டு சொல்லுறவர்."

இந்தக் கடிதங்கள் வருகிற நாட்களில் அப்பா கதிரை நுனியில் இருந்து, எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று மட்டும் கேட்பார். அன்று எழும்பி நின்றார்.

"சாக்கெண்டால் எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரத் தேவையில்லை."

அப்பா ஊரில் சுன்னாகம் சந்தையில் வெங்காய மொத்தக் கடையில் சாக்குத் தைத்தவர். லொறி வந்து நின்றால் நிறைத்த சாக்குகளின் வாயைத் தைத்துத் தைத்து ஏற்றவேண்டும். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து அவரிடம் வந்த தாள்கள் எல்லாம் அவருக்குத் தெரியாததையே கேட்டன. எந்தப் பாதையால் வந்தாய், எந்தத் தேதி, யார் சாட்சி. அவருக்குத் தெரிந்த ஒன்றைக் கேட்டு வந்த முதல் தாள் இதுதான். இதை எல்லாம் இப்போது எழுதுகிறேன். அன்று நான் அப்பாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. மாமாவின் முன்பல்லில் ஒட்டியிருந்த கறிவேப்பிலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது கடைசிவரை விழவில்லை.

செவ்வாய்க்கிழமை அப்பா ஹோட்டல் குசினியிலிருந்து இரண்டு சணல் சாக்குகளைச் சுருட்டிக்கொண்டு வந்தார். உருளைக்கிழங்கு வந்த சாக்குகள். வீட்டுக்குள் அவை வந்ததும் வீடு வெளியே போய்விட்டது. ஈர மண், எலி, பழைய நிலவறை, யாரோ கழற்றிவைத்த காலுறை, எல்லாம் சேர்ந்த ஒரு மணம்.

"உள்ளுக்குக் கையை விட்டுத் தட்டிப் பார் பிள்ளை, மண் கிடக்கும்" என்றார் அப்பா.

விட்டேன். மூலையில் மெதுமெதுவென்று ஏதோ தட்டுப்பட்டது. பிடித்தேன். அது என் விரல்களுக்கு நடுவால் வழிந்தது. ஒரு அழுகிய உருளைக்கிழங்கு. வெளியே தோல், உள்ளே சீழ். அந்த நாற்றத்தை இந்த முப்பத்தைந்து வருடத்தில் ஒரேயொரு முறைதான் மறுபடி சந்தித்தேன், முதியோர் இல்லத்தில். அதை விவரிக்கமாட்டேன், நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம்.

நான் ஓங்காளித்தேன். அப்பா சிரித்தார். "உது ஒண்டும் செய்யாது. கழுவினால் போயிடும்."

கழுவினோம். அதுதான் அடுத்த கேவலம். சுவிஸில் மாடிக்கட்டடங்களில் துவைக்கிற மெஷின் எல்லோருக்கும் பொது, நாளும் முறையும் போட்ட பட்டியல் தொங்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எங்கள் முறை வர ஒன்பது நாள் இருந்தது. கீழ்வீட்டு மனுசியின் முறை அன்றைக்கு. அவர் கடைக்குப் போன நேரம் பார்த்து அம்மா சாக்குகளை மெஷினுக்குள் தள்ளினார், டெட்டோல் அரைப் போத்தல் ஊற்றினார். ஒரு மணி நேரம் கழித்து மெஷின் இருமியது. சணல் நார் எல்லாம் கழன்று, தண்ணீர் போகிற குழாயில் அடைத்து, சலவை அறை முழுக்க மண்ணிறத் தண்ணீர்.

கீழ்வீட்டு மனுசி கதவைத் தட்டினார். செத்த எலியை வால் பிடித்துத் தூக்குவது போல ஒரு பிடி ஈர நாரை விரல் நுனியில் தூக்கிக்கொண்டு நின்றார். என்ன மிருகத்தை என் மெஷினுக்குள் குளிப்பாட்டினீர்கள் என்று கேட்டார்.

"என்னவாம் பிள்ளை?" என்றார் அம்மா.

"எங்கட வீட்டில நாய் நிக்குதோ எண்டு கேக்கிறா."

"இல்லையெண்டு சொல்லு. பாவம், நல்ல மனுசி, வந்து விசாரிக்கிறா." அம்மா அவருக்கு இரண்டு கைகளாலும் கும்பிட்டார். மனுசி நாரை எங்கள் கால்துடைப்பானில் போட்டுவிட்டுப் போனார்.

காய்ந்த பிறகு முகர்ந்து பார்த்தேன். உருளைக்கிழங்கு போகவில்லை. டெட்டோல் பக்கத்தில் வந்து குடியேறியிருந்தது. "அம்மா, மணக்குது" என்று அழுதேன். அழுததற்கு அம்மா சாம்பிராணி போட்டார். சாக்கை வாய் விரித்துப் பிடித்து, குழந்தைப் பிள்ளையின் தலைக்குப் புகை பிடிப்பது போல உள்ளே புகை பிடித்தார். அதற்கு மேல் ஓடிக்கொலோன் தெளித்தார். கடைசியில் அது கோயில் மூலஸ்தானத்துக்குள் ஆஸ்பத்திரி ஒன்று அழுகுவது போல மணந்தது.

அப்பா ஒரு கிழமை முழுக்க, வேலையால் வந்து குளித்துவிட்டு, ஜன்னலோரம் இருந்து இரண்டு சாக்கையும் ஒன்றாக்கித் தைத்தார். பெரிய ஊசி கிடைக்கவில்லை. ஹோட்டலில் வான்கோழியின் வயிற்றைத் தைக்கிற ஊசியைக் கேட்டு வாங்கி வந்தார். என்னை நிறுத்திவைத்து நூலால் அளந்தார். தோளுக்கு அகலம், காலுக்கு ஒடுக்கம். உடம்பில் சணல் குத்தும் என்று அம்மாவின் நீலப் பருத்திச் சீலையை உள்ளுறையாக வைத்துத் தைத்தார். அம்மா விமானத்தில் உடுத்துவந்த சீலை அது. ஓரமெல்லாம் இரட்டைத் தையல். இடையிடையே ஊசியை வாயில் கடித்துக்கொண்டு, "லொறியில இருந்து தூக்கி எறிஞ்சாலும் பிரியாது" என்பார். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு அடுத்த அறையில் இருப்பேன்.

புறப்பட ஒரு கிழமை இருக்கையில் ரீச்சர் வகுப்பில் கேட்டார்: "ஷ்லாஃப்சாக் இல்லாதவர்கள் கையைத் தூக்குங்கள். பள்ளிக்கூடத்தில் இரண்டு மூன்று இருக்கிறது, இரவல் தரலாம்." தூக்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை. சிவப்புச் சடைக்காரி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அதற்கு மேல் இருந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒத்திகை நடந்தது. விறாந்தையில் என்னைச் சாக்குக்குள் இறக்கினார்கள். மாமாவும் மேற்பார்வைக்கு வந்திருந்தார். அப்பா வாயைத் தளர்வாகக் கட்டினார். உள்ளே இருட்டு, சாம்பிராணி, வேர்வை. என் மூச்சே திரும்ப என் முகத்தில் வந்து உருளைக்கிழங்காக மோதியது.

"கத்தியைக் குடுத்துப் பழக்கவேணும்" என்றது மாமாவின் குரல்.

"வேண்டாம் அண்ணை, தையல் வெட்டுப்பட்டிடும்" என்றார் அப்பா. "பிள்ளை, அவசரமெண்டால் கத்து. ரீச்சர் வந்து அவிழ்ப்பா."

கத்தினேன். பத்து நிமிடத்தில் கழுத்தெல்லாம் தடித்துச் சிவந்து வெளியே வந்தேன். "நல்ல சூடு போல கிடக்கு" என்று மாமா திருப்திப்பட்டார். சாப்பாடு ஆயத்தமா என்று குசினிப் பக்கம் பார்த்தார்.

புறப்படுகிற காலை. அப்பா அந்த ஹோட்டலில் சேர்ந்த நாளிலிருந்து முதல்முறையாக அரைநாள் லீவு கேட்டு வந்திருந்தார். கல்யாண வீட்டுச் சேர்ட் போட்டிருந்தார். சாக்கைச் சுருட்டி நைலோன் கயிற்றால் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூட முற்றத்துக்குள் எனக்கு முன்னால் நடந்தார். நான் பத்தடி பின்னால் போனேன், அந்த மனிதனை எனக்குத் தெரியாது என்பது போல.

முற்றத்தில் வரிசையாகப் பைகள். நீலம், பச்சை, செம்மஞ்சள், பளபளவென்று உருண்டையான ஷ்லாஃப்சாக்குகள். அப்பா எங்கள் சாக்கை அவற்றுக்குப் பக்கத்தில் வைத்துக் கயிற்றை அவிழ்த்து, வாய் தெரிய விரித்துவிட்டார். சூரிய வெளிச்சத்தில் சாம்பிராணி எழும்பியது. சிவப்புச் சடைக்காரி மூக்கைச் சுருக்கினாள். மற்ற இருவரும் அவள் மூக்கைப் பார்த்துத் தங்கள் மூக்கைச் சுருக்கினார்கள்.

ரீச்சர் பட்டியலோடு வந்தார். குனிந்தார். "இது என்ன?" என்று என்னிடம் கேட்டார். நல்ல மனுசி. கேட்ட குரலில் ஒரு கெடுதியும் இல்லை.

அப்பா என்னைப் பார்த்தார். சொல்லு என்று கண்ணால் காட்டினார். அவர் தைத்ததைப் பற்றி அவரால் சொல்ல முடியாத பாஷையில் நான் சொல்லவேண்டும்.

நான் சொன்னேன். என் வாழ்நாளில் பிழையில்லாமல் பேசிய முதல் ஜெர்மன் வசனம் அதுதான்.

"அது அப்பாட ஹோட்டலில இருந்து கொண்டுவந்த சாக்கு. எல்லாரின்ர ஊத்தைச் சப்பாத்தும் போடுறதுக்கு."

ரீச்சரின் முகம் மலர்ந்தது. மலைச் சப்பாத்துகளை எதில் கட்டுவதென்று அவர் அப்போதுதான் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நன்றி, மிக்க நன்றி, அருமையான யோசனை!" அப்பா தனக்குத் தெரிந்த ஜெர்மன் முழுவதையும் எடுத்துச் சொன்னார்: "பிட்டெ, பிட்டெ. கைன் ப்ரொப்ளேம்." பரவாயில்லை, ஒரு பிரச்சினையும் இல்லை.

அப்போது முதல் சோடிச் சப்பாத்து உள்ளே விழுந்தது. அடியில் காய்ந்த சாணம். நீலச் சீலையில் பட்டு உடைந்து உதிர்ந்தது.

அப்பாவின் சிரிப்பு அப்படியே நின்றது. போகவில்லை, நின்றது.

"பிள்ளை, இதுக்குள்ள சப்பாத்தோ?"

"ஓம் அப்பா. ரீச்சர் அப்பிடித்தான் சொல்லுறா."

"அப்ப நீ எதுக்குள்ள படுப்பாய்?"

"ரீச்சர் ஒண்டு தருவா."

அவர் கொஞ்ச நேரம் சாக்குக்குள் பார்த்தார். பிள்ளைகள் சப்பாத்தும் கையுமாக வரிசையில் நின்றார்கள். பிறகு அப்பா முழங்காலில் இருந்து, இரண்டு கைகளாலும் சாக்கின் வாயை அகல விரித்துப் பிடித்தார். சந்தையில் வெங்காயம் கொட்டுகிறவனுக்குப் பிடித்துக் கொடுப்பது போல. இருபது சோடி. ஒவ்வொன்றும் விழும்போது உலுக்கி உலுக்கி இடம் பண்ணிக் கொடுத்தார். சிவப்புச் சடைக்காரி தன்னுடையதைத் தூரத்தில் நின்று எறிந்தாள். அது அவருடைய மணிக்கட்டில் பட்டது. "கைன் ப்ரொப்ளேம்" என்றார்.

மலையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ரீச்சரிடம் கேட்டு வாங்கிய இரவல் ஷ்லாஃப்சாக்கைத் திறந்தேன். எங்கள் வகுப்புக்கு முன்னால் போன எத்தனையோ வகுப்புகளின் கால் நாற்றமும், பால் கக்கல் ஒன்றும், பெயர் தெரியாத ஈரமும் அதற்குள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துகொண்டிருந்தன. எங்கள் சாக்கு அதற்கு முன்னால் சந்தனம். சிவப்புச் சடைக்காரி படுத்து ஐந்து நிமிடத்தில் வாயைத் திறந்து, பாற்கட்டி நாற்றத்தை என் முகத்தில் ஊதிக்கொண்டு தூங்கினாள். என்னை ஒருவரும் வெளியே போகச் சொல்லவில்லை. நான் வென்றுவிட்டேன். அந்த வெற்றியை நாலு இரவும் மூக்கைப் பொத்திக்கொண்டு அனுபவித்தேன்.

சாக்கு திரும்பி வரவில்லை. சாணமும் சேறும் ஊறி, தூக்க முடியாமல், ரீச்சர் அதை அங்கேயே குப்பையில் போட்டுவிட்டார். துன் ரயில் நிலையத்தில் அப்பா நின்றார். என் பையை வாங்கினார், பின்னால் பார்த்தார்.

"சாக்கு எங்க பிள்ளை?"

"ரீச்சர் பள்ளிக்கூடத்துக்கெண்டு வைச்சிட்டா. அவவுக்கு நல்லாப் பிடிச்சிட்டுது."

ஏன் அப்படிச் சொன்னேன்? அவரைச் சந்தோசப்படுத்த என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிவந்தேன். இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு கெதியாக வீட்டுக்குப் போகவேண்டும், அவ்வளவுதான். சலவை அறையில் எத்தனையோ அழுக்கைப் பார்த்துவிட்டேன், கொதிதண்ணீரில் ஏதோ ஒரு அளவுக்கு எல்லாம் போகும். அந்த வசனத்தை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வருடம் வைகாசியில் ஒருநாள் அப்பா வேலையால் வந்து மூன்று சாக்குகளை என் முன்னால் வைத்தார். புதுச் சாக்கு, மணமே இல்லை. ஓரமெல்லாம் இரட்டைத் தையல்.

"இந்த வருசமும் பிள்ளையள் மலைக்குப் போவினமெல்லோ. ரீச்சரிட்டைக் குடு." ஒரு சாக்கின் வாயை விரித்துக் காட்டினார்: "இந்த முறை உள்ளுக்குச் சீலை வைக்கேல்லை. சப்பாத்துக்குத்தானே."

மறுநாள் காலை அவற்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனேன். பள்ளிக்கூட மூலையில் சிவப்புச் சடைக்காரியும் கூட்டமும் நின்றார்கள். இப்போது நான் அவர்களில் ஒருத்தி. பின்பக்கத்தால் சுற்றிப் போய், பெரிய குப்பைத் தொட்டியின் மூடியைத் தூக்கி மூன்றையும் உள்ளே போட்டேன். ஏதோ அழுகிய பழத்தின் மேல் விழுந்தன. மூடினேன், கையைக் காற்சட்டையில் துடைத்தேன், மணியடித்தது.

பின்னேரம் நான் சப்பாத்தைக் கழற்ற முதலே அப்பா வாசலுக்கு வந்துவிட்டார்.

"குடுத்தனியோ?"

"ஓம்."

"ரீச்சர் என்ன சொன்னவா?"

"நன்றி சொன்னவா."

அவர் போகவில்லை. சேர்ட் நுனியில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"தையலைப் பாத்தவாவோ?"

"ஓம் அப்பா" என்றேன். "திருப்பித் திருப்பிப் பாத்தவா."